ஒன்று பளிச், ஒன்று மங்கல்

நாகலாபுரம்
22.9.2024

அன்புத் தம்பி சுடலைராஜுக்கு,

அக்கா வெயிலம்மாள் எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். என் மாமியாருக்கு முழங்கால் வீக்கம் குறைந்திருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. நீ, ரேணுகா, பிள்ளைகள் எல்லோரும் சுகந்தானா? கோயம்புத்தூர் குளிருக்கு உனக்கு மூச்சு இழுக்குமே, தலையில் துண்டு கட்டிக்கொண்டு படு.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். போனை எடுத்தாலே அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். நாம் கூப்பிட்டால் காது கேட்காது, நாம் பேசினால் மட்டும் அடுத்த தெருவிலிருந்தும் கேட்கும். அதனால் பஸ் பார்சலில் வைத்து விடுகிறேன். நீயும் உன் கடை டார்ச்சுப் பெட்டி எதிலாவது பதிலை வைத்து அனுப்பு.

விஷயம் இதுதான். உன் அத்தான் போன பிறகு இந்த வருஷம் புஞ்சையை நானே புழுதியில் விதைத்திருக்கிறேன், மக்காச்சோளம். மழை விழுவதற்குள் காட்டுப்பன்னி வந்து விதையைத் தோண்டித் தின்கிறது. காவலுக்கு நான்தான் போக வேண்டும். அவருக்கு நீ கொடுத்த டார்ச் இருக்கிறது. அதில் ஒரு சந்தேகம். பட்டனை அமுக்கினால் பளிச்சென்று எரிகிறது. அணைத்துவிட்டு உடனே மறுபடி அமுக்கினால் மங்கலாக எரிகிறது. இது ஆரம்பத்திலிருந்தே இப்படித்தானா, இல்லை பேட்டரி போனதால் வந்த கோளாறா? நன்றாக யோசித்து எழுது. அவசரம்.

உன் அக்கா,
வெயிலம்மாள்

கோயம்புத்தூர்
27.9.2024

என் அக்காவுக்கு, சுடலைராஜின் வணக்கம்.

இங்கே எல்லோரும் சுகம். ரேணுகாவுக்கு தைராய்டு மாத்திரையைக் குறைத்திருக்கிறார்கள். சின்னவள் முன்பல் விழுந்து பொக்கை வாயோடு திரிகிறாள். உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? அதை நீ எழுதவே இல்லை.

அவசரம் என்று போட்டிருந்தாயே என்று வந்த ஆட்களை நிற்க வைத்துவிட்டு எழுதுகிறேன். அது கோளாறே இல்லை அக்கா. அந்த டார்ச்சின் குணமே அதுதான். முதலில் பளிச், அணைத்து உடனே போட்டால் மங்கல், இன்னொரு தரம் போட்டால் பைத்தியம் பிடித்த மாதிரி வெட்டி வெட்டி எரியும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் மறுபடி பளிச்சிலிருந்து ஆரம்பிக்கும். விலை குறைந்ததில் பாதி இப்படித்தான். வால்பாறைப் பக்கம் மலையேறப் போகிற பையன்கள் கடைக்கு வந்ததும் முதலில் திட்டுவதே இதைத்தான்.

போன வருஷப் பொங்கலுக்கு இதைக் கொடுத்தபோது அத்தானுக்குப் பட்டன் பாடம் நடத்தினேனே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு தரம் அமுக்கிப் பார்த்துவிட்டு, "போலே, இந்தப் பட்டனோட எவன் மல்லுக்கட்டுவான்" என்று சொல்லிவிட்டு, எரியவிட்டபடியே கண்ணாடியை உள்ளங்கையால் மூடி மூடித் திறந்தார்கள். கடைசிவரை அப்படித்தானே சிமிட்டினார்கள்? நினைத்தால் சிரிப்பு வருகிறது, கூடவே அழுகையும் வருகிறது.

அதை நீ பெட்டியில் போட்டுவிடு. புதுசு அனுப்பியிருக்கிறேன். ஒரே வெளிச்சம், ஒரே பட்டன், உன் போன் வயரிலேயே சார்ஜ் ஏறும், இடுப்பில் சொருகக் கிளிப் உண்டு. பெட்டியில் லூமென் என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதே. அது மொத்த வெளிச்சம். தூரம் போக வேண்டுமென்றால் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற கிண்ணம் ஆழமாக இருக்க வேண்டும். உனக்குக் காலடியும் பக்கத்துப் பொழி வரப்பும் தெரிந்தால் போதாதா?

உன் தம்பி,
சுடலைராஜ்

நாகலாபுரம்
13.10.2024

தம்பிக்கு,

இங்கே நலம், அங்கேயும் அப்படியே இருக்கட்டும். முதுகு வலி இருக்கிறது. அது எங்கே போகும்?

நீ அனுப்பியது நல்ல டார்ச். அதனால்தான் திருப்பி அனுப்புகிறேன். எனக்குப் பழையது மாதிரியே வேண்டும். முதலில் பளிச், அடுத்தது மங்கல். ஆனால் வெளிச்சம் நம் புஞ்சையிலிருந்து பேச்சிராஜாவின் காவல் குடிசை வரைக்கும் போக வேண்டும். உன் அத்தானின் சித்தப்பா மகன் பேச்சிராஜா, நமக்குக் கீழ்ப்புறம் கிணறும் மோட்டாரும் வைத்திருக்கிறானே, அவன்தான்.

ஏன் என்று கேட்காதே. கேட்பதாக இருந்தால் அனுப்பாதே.

வெயிலம்மாள்

கோயம்புத்தூர்
20.10.2024

அக்காவுக்கு,

இங்கே எல்லோருக்கும் சளி, மற்றபடி சுகம். நீ கசாயம் வைத்துக் குடிக்கிறாயா?

இத்தனை வருஷக் கடையில் எல்லோரும் கோளாறு இல்லாததைத்தான் கேட்டிருக்கிறார்கள். கோளாறைக் கேட்டு வாங்குகிற ஒரே ஆள் நீதான். தேடிப் பிடித்து அனுப்பியிருக்கிறேன். கிண்ணம் ஆழமானது, அந்தக் குடிசை வரைக்கும் தாராளமாகப் போகும். பளிச், மங்கல் வரிசையும் அதேதான். ராத்திரி பனியில் கையிலிருந்து நழுவும், கயிறு கோத்து மணிக்கட்டில் மாட்டிக்கொள்.

ஏன் என்று கேட்கவில்லை. பேச்சிராஜா மச்சான் உனக்கு ஒத்தாசையாக இருக்கிறாரா என்று மட்டும் கேட்கிறேன். அத்தான் உடம்பின்மேல் விழுந்து, "எங்க அண்ணன் மேல கத்தி வைக்க விடமாட்டேன்" என்று அவர் அழுத அழுகை இன்னும் என் காதில் கேட்கிறது. தனியாகக் காவலுக்குப் போகிறவள், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வை.

சுடலைராஜ்

நாகலாபுரம்
17.11.2024

தம்பிக்கு, அக்காவின் ஆசி.

மழை விழுந்துவிட்டது. கரிசல் காலில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு அடியும் மலையைத் தூக்கி வைக்கிற மாதிரி இருக்கிறது. எனக்கும் சளி பிடித்து இப்போது பரவாயில்லை. தீபாவளிக்கு நீ அனுப்பிய சேலையை அத்தை கட்டிக்கொண்டார்கள். எனக்கு வருஷம் திரும்பட்டும்.

டார்ச் அருமை. உன் கடை நன்றாக இருக்க வேண்டும். நம் புஞ்சைக்காட்டு வழக்கம் உனக்கு மறந்திருக்கும், சொல்கிறேன். பொழுது அடங்கிக் காவலுக்கு வந்ததும் யாராவது ஒருவர் லைட்டை இரண்டு தரம் சிமிட்டுவார். சுற்றிலும் காவல் இருக்கிறவர்கள் பதிலுக்கு இரண்டு தரம் சிமிட்ட வேண்டும். பதில் வராத காட்டுக்கு ஆள் போய்ப் பார்க்க வேண்டும். பாம்பு கடித்ததோ, பன்னி முட்டியதோ, யாருக்குத் தெரியும்? பேச்சுவார்த்தை இல்லாதவனுக்குக்கூடப் பதில் அடித்தே ஆக வேண்டும்.

முதல் நாள் பேச்சிராஜா குடிசையைப் பார்த்து அடித்தேன். ஒன்று பளிச், ஒன்று மங்கல். பதில் இல்லை. மேலக்காட்டிலிருந்து சாமித்துரை பெரியப்பா, "ஏலே பேச்சி! உன் மைனி லைட் அடிக்கா, தூங்குதியாலே?" என்று சத்தம் போட்ட பிறகுதான் பதில் வந்தது. கை நடுங்கினால் வெளிச்சமும் நடுங்குகிறது, அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாளும் அடித்தேன், அதற்கு மறுநாளும் அடித்தேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, "மைனி, உங்க லைட்டுல பேட்டரி போயிட்டு போல, நான் கோயில்பட்டியில குடுத்து மாத்தித் தாரேன்" என்றான். "பேட்டரிக்கு ஒண்ணும் இல்ல. உங்க அண்ணன் லைட்டு அன்னைக்கு எப்படி எரிஞ்சுதோ, அப்படித்தான் எரியுது" என்றேன். வாங்கின காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான்.

இப்போது குடிசையைப் பிரித்துக் கிணற்றுக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடியில் போட்டிருக்கிறான். உன் டார்ச் வெளிச்சம் கிணற்றோடு நின்றுவிடுகிறது. இதைவிடத் தூரம் போவது ஒன்று அனுப்பு. அதே பளிச், அதே மங்கல்.

வெயிலம்மாள்

கோயம்புத்தூர்
25.11.2024

அக்காவுக்கு,

இங்கே சுகம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

தூரம் போகிற டார்ச் கடையில் இருக்கிறது. அனுப்பமாட்டேன். நீ பன்னிக்கு லைட் அடிக்கவில்லை. பன்னிக்கு எதற்குப் பளிச்சும் மங்கலும்? அன்றைக்கு எப்படி எரிந்ததோ அப்படி என்றால் என்ன அர்த்தம்? அத்தான் நெஞ்சுவலியில்தானே போனார்கள்? மச்சானோடு பொழித் தகராறு ஏதாவது இருந்தால் நான் வாரேன், பெரியவர்களை வைத்துப் பேசுவோம்.

ஒன்று தெரிந்துகொள். இருட்டில் பழகின கண்ணில் இந்த வெளிச்சம் பட்டால், அடுத்த அடியை எங்கே வைக்கிறோம் என்று அவருக்கே தெரியாது. பக்கத்தில் கிணறு வேறு இருக்கிறது. என் அக்கா ஜெயிலுக்குப் போகவா நான் டார்ச் விற்கிறேன்?

பதில் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

சுடலைராஜ்

நாகலாபுரம்
19.12.2024

தம்பிக்கு,

நீங்கள் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள். எனக்கென்ன, குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். இத்தனை நாளும் எழுதாததற்குக் காரணம் கோபம்தான். வேறொன்றும் இல்லை.

பெரியவர்களை வைத்துப் பேசலாம் என்கிறாய். அந்தப் பெரியவர்கள்தான் பேச்சிராஜாவின் அழுகையைப் பார்த்து, அறுக்க வேண்டாம், நெஞ்சுவலிதான் என்று சொல்லி அன்றைக்கே எரிக்க வைத்தார்கள். உன் அத்தானின் கணுக்காலுக்கு மேல் ஒரு கருப்புக் கோடு இருந்தது. முள் கிழித்தது என்றார்கள். முள் கிழித்தால் ரத்தம் வரும், கருகுமா? அவர் செத்துக் கிடந்த இடத்துக்குப் பக்கத்துப் பொழியில் வரிசையாகக் குச்சி நட்டுப் பிடுங்கின ஓட்டைகள். பார்த்தேன், அப்போது புத்தி வேலை செய்யவில்லை. டார்ச் சட்டைப்பையில் இருந்தது, அணைத்து. இருட்டில் காட்டுக்குள் நடக்கிறவன் லைட்டை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டா நடப்பான்?

அவன் மோட்டார் ஷெட்டிலிருந்து கரண்டை எடுத்துப் பன்னிக்குக் கம்பி கட்டியிருக்கிறான். உன் அத்தான் அதில் மாட்டிக்கொண்டார். சரி, தெரியாமல் நடந்தது என்றே வைத்துக்கொள். பிறகு நடந்ததைக் கேள்.

ஆவணியில் உழும்போது சாமித்துரை பெரியப்பா சும்மா பேச்சுவாக்கில் சொன்னார். "அன்னைக்கு நான் லைட் அடிச்சேன், உன் மாப்பிள்ளை காட்டுல இருந்து பதிலே இல்ல. பாத்துட்டு வருவோம்னு செருப்பக்கூடப் போட்டுட்டேன். அதுக்குள்ள பதில் வந்துட்டு. ஒண்ணு பளிச்சுனு, ஒண்ணு மங்கலா. பேட்டரி தீந்துபோச்சு போலன்னு செருப்பக் கழட்டிட்டு உக்காந்துட்டேம்மா."

பட்டனை அமுக்கிச் சிமிட்டினால்தான் பளிச்சும் மங்கலும். அவர் என்றைக்குப் பட்டனை அமுக்கினார்? கையால் மூடித் திறக்கிறவருக்கு இரண்டும் பளிச்சாகத்தானே வரும்? நீயே எழுதியிருந்தாய். அதை உன் வாயால் தெரிந்துகொள்ளத்தான் முதல் கடிதமே எழுதினேன். அன்றைக்குப் பதில் அடித்தது அவர் இல்லை. அவர் கையிலிருந்து லைட்டை எடுத்து, அவர் பெயரில் பதில் அடித்து, அணைத்துப் பையில் போட்டுவிட்டு, கம்பியைச் சுருட்டிக்கொண்டு போயிருக்கிறான் பாவி. அந்தப் பதிலை நம்பி ஒருத்தரும் வரவில்லை. விடியும்வரை பனியில் கிடந்தார். காலையில் முதல் ஆளாக வந்து 'ஐயோ அண்ணே' என்று கத்தியதும் அவன்தான்.

போலீசுக்குப் போ என்பாய். எதைக் காட்ட? சாம்பலையா? அவன் வாயால் சொல்ல வேண்டும், ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டாம். டார்ச் அனுப்புவதும் அனுப்பாததும் உன் இஷ்டம்.

வெயிலம்மாள்

கோயம்புத்தூர்
23.12.2024

அக்கா,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது.

பெட்டியில் இருப்பது வனக்காவலர்கள் வாங்குவது. கைக்குள் அடங்கும், தலை மட்டும் கொஞ்சம் பெரிது. புளியமரம் என்ன, அதற்கு அடுத்த காட்டிலும் இலை இலையாகத் தெரியும். இதில் மோடு வரிசையை நாமே மாற்றலாம். பளிச், மங்கல் என்று மாற்றி வைத்திருக்கிறேன். கூடவே இன்னொரு பேட்டரியும் இருக்கிறது. சார்ஜ் தீர்ந்தது என்று ஒரு நாள்கூட நிற்காதே.

அந்தப் பதிலை அவன் அடித்தது நான் கொடுத்த டார்ச்சில், அக்கா. அத்தானுக்கு ஆசையாக நான் வாங்கிக் கொடுத்ததில். அவனைப் போய் மச்சான் என்று எழுதினேனே, என் கையை ஒடிக்க வேண்டும்.

கண்ணில் அடிக்காதே என்று எழுதியிருந்தேன். அது வேண்டாம். கண்ணிலேயே அடி.

சுடலைராஜ்

கோயம்புத்தூர்
13.1.2025

அக்காவுக்கு,

இங்கே பொங்கலுக்குப் பிள்ளைகள் லீவு, எல்லோரும் சுகம். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. போனில் அத்தைதான் எடுக்கிறார்கள், நல்லாருக்கோம் என்று சொல்லி வைத்துவிடுகிறார்கள்.

நேற்று விளாத்திகுளத்துக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். பேச்சிராஜா பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடக்கிறானாம், காலில் பெரிய காயமாம். என்ன ஆயிற்று என்று அவருக்குத் தெரியவில்லை.

நீ எதையாவது செய்துவிட்டாயா? என்ன செய்திருந்தாலும் நான் உன் பக்கம்தான். ஆனால் எனக்குத் தெரிய வேண்டும். உடனே எழுது.

சுடலைராஜ்

நாகலாபுரம்
17.1.2025

தம்பிக்கு,

பயந்துவிட்டாயா? நான் நன்றாக இருக்கிறேன். நான் அவனைத் தொடக்கூட இல்லை. ஒரு லைட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன், அவ்வளவுதான்.

நீ அனுப்பியது புளியமரம் வரைக்கும் போனது. அன்றிலிருந்து அவன் லைட்டே போடவில்லை. போட்டால் ஆள் இருப்பது தெரியும், ஆள் இருந்தால் எனக்குப் பதில் அடிக்க வேண்டும். அதற்குப் பயந்து தன் காட்டிலேயே திருடன் மாதிரி இருட்டில் நடந்தான். பன்னிக்குக் கொண்டாட்டம். அவன் மக்காச்சோளத்தில் பாதியை மிதித்துத் தின்றது. எனக்கு வயிறு குளிர்ந்தது.

போன வாரம் ஒரு நாள், பொழுது அடங்கி லைட் அடித்துக்கொண்டிருக்கும்போது அவன் பக்கம் பன்னி உறுமுகிற சத்தம். கூடவே மனுஷன் அலறுகிற சத்தம். அதற்குப் பிறகுதான் அங்கே ஒரு வெளிச்சம் வந்தது. வந்த வெளிச்சம் தரையில் விழுந்து, சோளத்தட்டையின் அடியில் அடித்தபடி அசையாமல் கிடந்தது.

உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். நான் நகரவில்லை. கிடக்கட்டும், அவர் கிடந்த மாதிரி விடியும்வரை கிடக்கட்டும் என்று நின்றேன். மேலக்காட்டுக்கு அலறல் கேட்கவில்லை போல. அங்கிருந்து அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுச் சாமித்துரை பெரியப்பா கேட்டார்: "ஏட்டி வெயிலு, பேச்சி பதில் அடிச்சானா?"

அடிச்சான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். அவன் அன்றைக்குச் செய்தது அதுதானே? நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது தம்பி. ஆனால் செத்துப்போனால் எவன் வந்து எனக்கு ஒத்துக்கொள்வான்? சும்மா போய்விடுவானே! "இல்ல பெரியப்பா, எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்று கத்தினேன்.

தொடை கிழிந்து கிடந்தான். துண்டால் இறுக்கிக் கட்டி, கட்டிலில் தூக்கிப் போட்டார்கள். அவன் பொண்டாட்டி பூங்கொடி தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். பக்கத்துக் காட்டுக்காரர்கள் எல்லோரும் நின்றார்கள். அவன் டார்ச் தரையில் எரிந்துகொண்டே கிடந்தது. எடுத்தேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணுக்கு நேராக இரண்டு தரம் சிமிட்டி, அணைத்து, அவன் சட்டைப்பையில் போட்டேன்.

"பதில் அடிச்சிட்டேன் கொழுந்தனாரே. இனி ஒருத்தரும் வரமாட்டாவ, நிம்மதியாக் கிடங்க" என்றேன்.

பையிலிருந்து தேள் கொட்டியது மாதிரி துள்ளினான். "எடுங்க மைனி, அத எடுங்க! நான்தான் மைனி அடிச்சேன். அண்ணன் லைட்ட நான்தான் அடிச்சேன். கம்பியச் சுருட்டுததுக்குள்ள ஆள் வந்துரும்னு பயந்துட்டேன்" என்று கதறினான். அதோடு அவன் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "அப்பம் அண்ணனுக்கு மூச்சு இருந்துச்சு மைனி" என்றான்.

சாமித்துரை பெரியப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தன் செருப்பை எடுத்துத் தன் முகத்திலேயே அடித்துக்கொண்டார். அவனை அங்கேயே முடித்துவிடுவோம் என்று இரண்டு பேர் கம்பை ஓங்கினார்கள். நான்தான் குறுக்கே நின்றேன். "இவன் சாகப்பிடாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. பிழைச்சு எழுந்திருச்சு போலீஸ்லயும் இதையே சொல்லட்டும்" என்றேன்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது தம்பி. மூச்சு இருந்தது என்பதை மட்டும் நான் கேட்கவில்லை. அதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டான். எனக்கு இப்போது சோறு இறங்கவில்லை.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

வெயிலம்மாள்

நாகலாபுரம்
2.2.2025

தம்பிக்கு,

வருஷத் திதி நல்லபடியாக முடிந்தது. நீ வந்து நின்றது எனக்குப் பெரிய தெம்பு. ரேணுகாவின் தலைசுற்றல் எப்படி இருக்கிறது? அத்தை இப்போது யாரிடமும் பேசுவதில்லை, என் முகத்தைப் பார்த்து அழுகிறார்கள். பாவமாகத்தான் இருக்கிறது.

கேஸ் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். ஆஸ்பத்திரியில் வைத்தே எழுதி வாங்கியிருக்கிறார்கள். சாமித்துரை பெரியப்பாவும் மற்றவர்களும் கேட்டதைக் கேட்டபடி சொல்லிவிட்டார்கள். இனி கோர்ட்டு பாடு. கால் இனி நேராகாதாம். ஆகவேண்டாம்.

இன்னும் கொஞ்ச நாளில் கதிர் ஒடிப்பு. அதுவரை காவல் இருக்கத்தான் வேண்டும். நேற்றுப் பொழுது அடங்கியதும் மேலக்காட்டைப் பார்த்து அடித்தேன், பதில் வந்தது. கீழ்ப்புறம் யாரும் இருக்கமாட்டார்கள் என்று சும்மா திரும்பினேன். ஒரு சின்ன வெளிச்சம் தெரிந்தது. பூங்கொடி. மிச்சம் இருக்கிற கதிருக்கு அவள் காவல் வந்திருக்கிறாள். கையில் போன் லைட். அதைச் சிமிட்டத் தெரியாமல் உள்ளங்கையால் மூடி மூடித் திறந்தாள், இரண்டு தரம்.

உன் அத்தான் அடிக்கிற மாதிரியே இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் டார்ச்சைக் கிணற்றில் வீசலாம் என்று தோன்றியது. அவன் வீட்டுக்காரி, அவர் மாதிரி அடிப்பதா? திரும்பி நின்றுகொண்டேன். அவளும் விடவில்லை. மறுபடி அடித்தாள். நான் என்ன செய்கிறேன் என்று சாமித்துரை பெரியப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

பதில் அடித்தேன். பட்டனை அமுக்கவில்லை. எரியவிட்டுக் கையால் மூடித் திறந்தேன்.

அவளுக்கு ஒரு டார்ச் அனுப்பு. போன் லைட்டை வைத்துக்கொண்டு பன்னிக்கு நடுவில் நின்றால் செத்துப்போவாள், அந்தப் பாவமும் எனக்கு வேண்டாம். நான் மனம் இறங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு நல்லதாகத் தேடாதே. நான் திருப்பி அனுப்பினேனே, ஒரே வெளிச்சம், ஒரே பட்டன், அது போதும். என்னுடையதைவிடப் பிரகாசமாக மட்டும் இருக்கக் கூடாது.

உன் அக்கா,
வெயிலம்மாள்